ஐந்தாம் அத்தியாயத்தின் நிறம்

எட்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் விடியற்காலை பாசஞ்சரில் விழுப்புரத்திலிருந்து மெட்ராஸுக்குப் போய் வந்தேன். எழும்பூர் நூலகம் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நிற்பேன், சாயங்கால வண்டியில் திரும்புவேன். அந்தப் பாதையில் என்னைத் தெரியாத டிக்கெட் பரிசோதகர் கிடையாது. ஒருவர், "டீச்சர், நீங்க ஆராய்ச்சி ஆரம்பிச்சப்ப எம்பொண்ணு அஞ்சாவது படிச்சிக்கினு இருந்தா. இப்ப அவளுக்குக் கொழந்தையே பொறந்துடுச்சி. இன்னும் முடியலீங்களா?" என்று கேட்டார். நான் கொஞ்சம் முன்கோபி. உங்கள் வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் டிக்கெட் மட்டும்தான் கேட்டார்.

என் பெயர் அமலோற்பவமேரி. விழுப்புரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலீஷ் கவிதைகளில் துக்கம் காக்கும் பெண்கள் நிறைய வருவார்கள். அதே காலத்து ஓவியர்களும் அப்படிப்பட்ட பெண்களை வரைந்து தள்ளினார்கள். கவிதையில் வருகிறவளையும் படத்தில் நிற்கிறவளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. 'விழுப்புரத்துல ஒக்காந்துக்கினு இது ஒனக்கு எதுக்கு' என்று கேட்காதவர்கள் குறைவு. பிடித்திருந்தது, பண்ணினேன்.

ஓவியங்களுக்கு எனக்கு இருந்த ஒரே வழி நூலகத்தில் இருந்த ஒரு தடித்த புத்தகம். உலகச் சண்டைக்கு வெகுகாலம் முன்னால் அச்சானது, படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அதில் எண்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு படம்தான் என் ஐந்தாம் அத்தியாயம்.

படம் இதுதான். ஜன்னலோரம் ஒரு பெண் நிற்கிறாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. கையில் மடித்த கடிதம். உடுத்தியிருப்பது வெள்ளை கவுன். பக்கத்து நாற்காலியில் ஒரு கறுப்புச் சால்வை, வீசி எறிந்த மாதிரி. வரைந்தவர் பெரிய பெயரெடுக்காத ஓர் ஓவியர். அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கடிதம் வைத்திருக்கும் பெண் என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தார்கள். நான் தாண்டவில்லை. அந்த நாட்டில் விதவை கறுப்பு உடுத்துவாள், வருஷக்கணக்கில் உடுத்துவாள். இவளோ கறுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெள்ளைக்கு வந்திருக்கிறாள். துக்கம் போதும் என்று அவள் முடிவு செய்த நாள் அது. கடிதம் செத்துப்போனவன் எழுதியது, இனி அதை அவள் பிரிக்கப் போவதில்லை. இப்படி நாற்பத்தாறு பக்கம் எழுதினேன். மற்ற நான்கு அத்தியாயங்களும் இதற்கு ஏறி வருவதற்காகப் போட்ட படிகள்தான்.

இதில் உன் கதை எவ்வளவு என்று கேட்டால், நிறைய. பத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம். அவர் பெயர் சவரிநாதன், விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். பதினோராம் மாதம் டைஃபாய்டில் போய்விட்டார். அன்றைக்குக் கட்டிவிட்ட வெள்ளைச் சேலையோடுதான் மெட்ராஸில் காலேஜுக்குப் போனேன், வெள்ளைச் சேலையோடுதான் வேலைக்கும் வந்தேன். இங்கே துக்கத்துக்கு வெள்ளை, அங்கே கறுப்பு. எந்த நிறமானால் என்ன, அதைக் கழற்றி நாற்காலியில் வீசினவள் ஒருத்தி இருந்தாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆய்வேட்டில் இப்படியெல்லாம் எழுத முடியாது.

கவுன் வெள்ளைதானா என்று எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. அதற்குக் காரணம் பேராசிரியர் விருத்தாசலம். 1939-இல் லண்டனுக்குப் போய் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர். நான் பி.ஏ. படிக்கும்போது எங்கள் காலேஜுக்கு வந்து ஒரு சொற்பொழிவு செய்தார். இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, "நான் அதன் முன்னால் நின்றேன். அந்த வெள்ளையை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை" என்றார். பிறகு வந்த அவருடைய புத்தகத்திலும் அந்த வரி இருந்தது. நேரில் பார்த்தவர் சொல்கிறார், நூலகப் புத்தகத்திலும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் யாரைக் கேட்பது?

1963 ஜனவரியில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். ஏப்ரலில் வைவா, வாய்மொழித் தேர்வு, என்று கடிதம் வந்தது. ஜூனில் கடலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி புதிதாகத் தொடங்க இருந்தார்கள். அதன் தலைமைச் சகோதரி என்னைக் கூப்பிட்டு, "ஜூனுக்குள்ள பட்டம் கைக்கு வந்தா இங்கிலீஷ் லெக்சரர் எடம் ஒனக்குத்தான் மேரி. வரலன்னா நான் வேற ஆளப் போட்டே ஆவணும்" என்றார். பதின்மூன்று வருஷமாகக் கட்டுக் கட்டாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வயதில் இன்னொரு வாய்ப்பு வரும் என்று நினைக்க நான் ஒன்றும் குழந்தையில்லை.

வைவா திண்டிவனத்தில் என்று போட்டிருந்தது. பிரதான பரிசோதகர் விருத்தாசலம் சார்தான். ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான திண்டிவனத்தில் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அதனால் இரண்டாவது பரிசோதகர் அரங்கநாதன் மெட்ராஸிலிருந்து வருவது, சார் வீட்டிலேயே வைத்து முடித்துவிடுவது என்று ஏற்பாடு. எனக்கு நல்லதுதான், பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம்.

வைவா சனிக்கிழமை. புதன்கிழமை லண்டனிலிருந்து ஒரு தபால் வந்தது.

என் சித்தப்பா மகள் சூசை மேரி நர்ஸ் வேலைக்கு லண்டன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. விடுமுறை கிடைத்தால் என் படம் மாட்டியிருக்கும் மியூசியத்துக்குப் போய் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வா, வெள்ளை கவுன் போட்டிருப்பாள், என்று எழுதியிருந்தேன். அவள் எழுத்தும் பேச்சும் ஒன்றுதான். 'அக்கா, வெள்ள கவுன் போட்ட பொம்பளைய மூணு ரூமுல தேடிக்கினு சுத்தி வந்தேன். காணோம். அப்பறம் காவக்காரங்கிட்ட படத்துப் பேர எழுதிக் காட்டனேன். அவன் இட்டுக்கினு போய் நிறுத்தினது நான் ரெண்டு தரம் தாண்டிப் போன படம். அது நீல கவுன் அக்கா. நாக்காலில கெடக்கறது நல்ல சேப்பு சால்வ. வேற படமோன்னு பேர மறுபடியும் பாத்தேன். அதேதான். அந்தப் படம் போட்ட கார்டு வாங்கி உள்ள வெச்சிருக்கேன் பாரு. இங்க குளுரு தாங்கல.'

கார்டை எடுத்துப் பார்த்தேன். நீல கவுன். சிவப்புச் சால்வை. முதலில் எனக்கு சூசை மேரி மேல்தான் கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது என்று வாய்விட்டுத் திட்டினேன். அவள் அனுப்பிய கார்டு என் கையில்தான் இருந்தது. அப்புறம் அச்சடித்தவர்களைத் திட்டினேன். வெள்ளையாக இருந்தால் விற்காது என்று கலரை ஏற்றியிருப்பார்கள், நம் ஊர் காலண்டர்களில் சாமிக்கு ஏற்றுவதில்லையா? இந்தச் சமாதானம் எனக்கு ஒரு நாள் பூராவும் தாங்கியது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டேஷன் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சின்னக்கண்ணுவிடம் போனேன். எங்கள் பள்ளி குரூப் போட்டோ வருஷா வருஷம் அவர்தான் எடுப்பார். நூலகப் படத்தை அவர்தான் முன்பு எனக்காக நகல் எடுத்துக் கொடுத்தார். அதையும் கார்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பொய் என்று கேட்டேன்.

ரெண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டும் பொய்யில்லீங்க டீச்சர். இது எந்தக் காலத்து புக்கு?"

சொன்னேன்.

"அதான. பழைய போட்டோ பிளேட்டுக்கு நீலமும் வெள்ளையும் ஒண்ணுதான். ரெண்டும் வெள்ளயாத்தான் உளும். சேப்பு அதுக்குத் தெரியவே தெரியாது, கருப்பாப் பூடும். எங்கப்பா காலத்துல கல்யாணப் பொண்ணு சேப்புப் பொடவைல வந்து ஒக்காரும். பிரிண்டு போட்டா கருப்புப் பொடவ! 'எங்க ஊட்டுப் பொண்ணுக்கு எழவுப் பொடவயா கட்டிவுட்ட'ன்னு மாமியாக்காரி கடை வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவா. அந்தப் பேஜாரு தாங்காம, சேப்புப் பொடவ கட்டிக்கினு வராதீங்கன்னு எங்கப்பா போர்டே எழுதி மாட்டிட்டாரு." சுவரில் இருந்த ஒரு பழைய படத்தைக் காட்டினார். மயிலம் மலைக் கோயில். "வானத்தப் பாருங்க. நீலமா இருந்ததுதான். வெள்ளையா இல்ல?"

அந்த வானத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் போட்டோக்களிலும் வானம் வெள்ளைதான். ஒருவராவது அதைப் பார்த்து அன்றைக்கு வானம் வெள்ளையாக இருந்தது என்று சொல்லியிருப்போமா? ஊரில் எல்லா மாமியாருக்கும் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம்.

கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. அவள் விதவையே இல்லை. நீல கவுன் போட்டுக்கொண்டு, சிவப்புச் சால்வையைக் கழற்றிவைத்துவிட்டு, தபாலில் வந்த கடிதத்தோடு ஜன்னலுக்கு வந்த ஏதோ ஒரு பெண். எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போனது சரிதான். வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துக்கொண்டேன். பட்டத்தை நினைத்து அழவில்லை, அவளை நினைத்துத்தான் அழுதேன்.

சனிக்கிழமை காலை திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினபோது என் தம்பி அமலதாஸ் நின்றிருந்தான். பிரம்மதேசம் பக்கத்தில் எங்கள் நிலத்தில் அவன்தான் பயிர் வைக்கிறான். மல்லாட்டைக் கடலை மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு, அக்காவை அழைத்துப் போக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ரோட்டில் நின்றுவிட்டான்.

"கவுனு நீலமா இருந்தா இன்னா, வெள்ளையா இருந்தா இன்னா? அந்தப் படத்த திண்டிவனத்துல யாரு பாத்தாங்க?"

"விருத்தாசலம் சார் பார்த்திருக்கார்."

"அவரே வெள்ளன்னுதான சொல்றாரு? அப்பறம் இன்னா? நீ போய் வாயத் தெறக்காத ஒக்காந்து, ஜல்தியா பட்டத்த வாங்கிக்கினு வா. ஊரு பூரா எங்கக்கா காலேஜு வாத்தியாராப் போறான்னு சொல்லிக்கினு இருக்கறேன். மானத்த வாங்கிடாதக்கா."

அவன் சொன்னதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாது, உண்மைதான். ஆனால் ஜூனில் முப்பது பெண்கள் முன்னால் நின்று நான் அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். வெள்ளை என்று சொல்ல வேண்டும். அவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதில் ஒருத்தி அவளுடைய பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். என்னால் ஆகாது. இதை நேர்மை என்றெல்லாம் பெரிய பேர் வைத்துச் சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டே தப்பைப் பாடமாக நடத்துவதற்கு எனக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

விருத்தாசலம் சார் வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மாவுக்கட்டு போட்ட கால் முக்காலி மேல். மடியில் என் ஆய்வேடு. பக்கத்தில் அரங்கநாதன், ஒல்லியான மனிதர், பென்சிலால் குறித்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கேள்வியும் பதிலும் இங்கிலீஷில்தான் நடந்தது. முதல் நான்கு அத்தியாயங்களில் அரங்கநாதன் என்னைப் புரட்டி எடுத்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சார் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்போது ஐந்து," என்றார் சார். "மிஸஸ் மேரி, இருபது வருஷமாக இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்தச் சால்வை அவள் கழற்றிய துக்க உடை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஒரு அத்தியாயத்துக்கே பட்டம் கொடுக்கலாம்."

அப்படி ஒரு வார்த்தையை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அதோடு எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

கைப்பையிலிருந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இந்த அத்தியாயம் தப்பு சார். கவுன் நீலம். சால்வை சிவப்பு. பழைய பிளேட்டில் நிறம் மாறி விழுந்திருக்கிறது. கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது."

அரங்கநாதன் கார்டை எடுத்துப் பார்த்தார். பிறகு நிஜமாகவே குழம்பிப்போய், "சார், நீங்கள் நேரில் பார்த்தவராயிற்றே?" என்றார்.

அந்தக் கேள்வி வந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. என் தப்பைச் சொல்வதாக நினைத்துத்தான் வந்தேன். வயதானவர், நிறம் மறந்திருக்கும் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நின்று பார்த்தேன், கண்ணை எடுக்க முடியவில்லை என்று சொன்னவருக்கு நீலம் எப்படி மறக்கும்?

சார் கார்டைக் கையில் வாங்காமல் தூரத்திலிருந்தே பார்த்தார். "தபால் கார்டு அச்சை நம்ப முடியாது," என்றார். "கண்டபடி கலரை ஏற்றுவார்கள்."

அரங்கநாதனுக்கு நிம்மதியாகிவிட்டது. "அப்படியானால் சரி. நேரில் பார்த்தவர் சொல்லும்போது ஒரு கார்டை வைத்துக்கொண்டு நாம் தடுமாறத் தேவையில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மிஸஸ் மேரி?"

கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். ஆமாம் சார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பட்டம், ஜூன், கல்லூரி எல்லாம் எனக்கு. சாருக்கு அவருடைய லண்டன். சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் அதிகாரம் எதுவும் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, பதினைந்து வருஷமாக என்னை ஏமாற்றினாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"கார்டு அனுப்பினது என் தங்கச்சி சார்," என்றேன். "அவள் நேரில் போனாள். வெள்ளை கவுனைத் தேடிக்கொண்டு மூன்று அறை சுற்றி வந்திருக்கிறாள். அங்கே வெள்ளை கவுன் இல்லை."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழில் பேச ஆரம்பித்தார்.

"நான் கப்பல விட்டு எறங்கறதுக்குள்ள சண்டை வந்துடுச்சிம்மா. குண்டு உழும்னு எல்லாப் படத்தையும் கழட்டி எங்கியோ மலைப் பக்கம் கொண்டுபோய் ஒளிச்சி வெச்சிட்டாங்க. ரெண்டு வருஷம் இருந்தேன். எத்தினி தடவ போனேன்னு கணக்கில்ல. சுவத்துல ஆணி இருந்தது. அதுக்குக் கீழ படத்துப் பேர் எழுதின பித்தளைத் தகடு இருந்தது. அதுக்கு முன்னாலதான் நின்னேன். அப்பறம் ரூமுக்குப் போய் புக்கத் தெறந்து பாப்பேன். நீங்க எழும்பூர்ல பாக்கறீங்களே, அதே புக்கு." நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஊருக்குத் திரும்பி வந்தா, மாலை போட்டு மேடைல ஏத்தி, என்னென்ன பாத்தீங்கன்னு கேக்கறாங்க. ஒண்ணுமே பாக்கலன்னு எப்பிடிம்மா சொல்றது?"

அரங்கநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு எழுத வேண்டியதை எழுதினார்கள். ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கித் திருத்தி எழுத வேண்டும், ஆறு மாத அவகாசம். சார்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். தம் புத்தகத்தில் இருக்கும் வரியையும் எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதப்போவதாக அரங்கநாதனிடம் சொன்னார். ஆறு மாதம் என்றால் அக்டோபர். ஜூனில் கடலூர்ப் பக்கத்துக் கல்லூரியில் வேறு யாரோ ஒருத்தி வகுப்புக்குள் நுழைவாள். வாசலில் சைக்கிளோடு நிற்கும் அமலதாஸ் என்னை என்ன கேட்பான் என்று தெரியும். கண் கலங்கியது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆய்வேட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு எழுந்தேன். கார்டுக்குக் கையை நீட்டினேன். அது சாரிடம் இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரிந்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் மறுபடி தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, அச்சுல கூடக்கொறைய வருமில்ல? நெஜப் படத்துலயும் இதே நீலந்தானா? கேட்டுச் சொல்ல முடியுமா?"

"எழுதிக் கேக்கறேன் சார்," என்றேன். "அடுத்த லீவுல மறுபடியும் ஒரு தடவ போய்ப் பாக்கச் சொல்றேன்."

"நம்ம ரெண்டு பேருக்குமா சேத்துப் பாக்கச் சொல்லுங்க," என்றார்.